மேல் வீட்டுக்கு வாங்கிய பைப்

வாஷிங் மெஷினைச் சுவரை விட்டு நகர்த்தியதுதான் அப்பாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை.

மெஷின் பின்பக்க பால்கனியில் இருந்தது. அது போக மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு ஆள் ஒருக்களித்து நிற்கலாம். நான் முன்பக்கத்தைப் பிடித்து இழுத்தேன். அப்பா பக்கவாட்டில் தோள் கொடுத்துத் தள்ளினார்.

"மெல்லம்மா. நீ இழுக்கிற இழுப்புல சுவரும் கூடவே வந்துரும்."

"நீங்க தள்ளுறீங்களா, சாஞ்சுக்கிட்டு இருக்கீங்களா?"

"ரெண்டும்தான்."

அம்மா சமையலறை வாசலில் நின்றபடி, "ரெண்டு பேரும் அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டா நான் யாரைக் கூப்பிடறது?" என்றாள்.

நான் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளர். பம்பு, வால்வு, குழாய் என்று நாள் போகும். வேலை வேறு ஊரில். அம்மா போன் செய்ததால் வந்திருந்தேன். கீழ் வீட்டு சீலிங்கில் ஈரம் படர்ந்து, பிறகு சொட்ட ஆரம்பித்துப் பல வாரங்கள் ஆகியிருந்தன. கீழ் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், சாது. முதலில் வெறுங்கையோடு வந்து சொன்னார். அடுத்த முறை சொட்டுக்கு வைத்த வாளியையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். அப்பா அதை மேல் வீட்டுத் தண்ணீர் என்று தீர்ப்புச் சொல்லி, மேல் வீட்டு மெஷினை நிறுத்திவைத்தார். மெஷின் நின்றது. சொட்டு நிற்கவில்லை.

"சுவர் குடிச்ச தண்ணி இறங்கி முடியணும்ல? கொஞ்ச நாள் ஆகும்" என்பது அப்பாவின் விளக்கம்.

அம்மா போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "நாம துணி போடுற அன்னைக்குத்தான் அவர் வாளியோட வர்றார். நீ ஒரு எட்டு வந்து பாரேன்."

மெஷினுக்கு அடியில் தரை காய்ந்து கிடந்தது. அப்பா அதைத்தான் முதலில் காட்டினார். "பார்த்தியா? பொட்டுத் தண்ணி இல்லை." அழுக்குத் தண்ணீர் போகும் பைப் மெஷினின் முதுகிலிருந்து கிளம்பி, சுவரில் ஒரு துளைக்குள் நுழைந்து, அந்தப் பக்கம் டக்டில், அதாவது கட்டடத்தின் குழாய்கள் இறங்கும் திறந்த இடுக்கில், உள்ள பெரிய குழாயில் சேர்கிறது. துளைக்குள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது.

"தண்ணியை வெளியேத்திப் பார்ப்போம்" என்றேன்.

அப்பா உள்ளே போய்த் தன் கம்பியை எடுத்துவந்தார்.

அந்தக் கம்பி இடுப்பு உயரம் இருக்கும். ஒரு முனை கூர். மறுமுனையில் சிறு கிண்ணம் போல ஒரு மரக்குமிழ். கூர்முனையைத் தரையிலோ சுவரிலோ ஊன்றி, குமிழில் காதை ஒட்டவைத்தால் உள்ளே ஓடும் தண்ணீர் கேட்கும். அப்பா தண்ணீர் வாரியத்தில் கசிவு பிடிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிவு உபசாரத்தில் கடிகாரம் தருகிறோம் என்றார்களாம். மணி பார்க்க இனி என்ன இருக்கிறது, இதைக் கொடுங்கள் என்று கேட்டு இந்தக் கம்பியை வாங்கிக்கொண்டார்.

அவர் கம்பியைச் சுவரில் ஊன்றி, காதை வைத்து, கண்களை மூடிக்கொண்டார். நான் மெஷினின் பட்டனை அமுக்கினேன். பம்பு உறுமியது. தண்ணீர் பைப்பில் ஏறியது. அடுத்த கணமே சுவருக்குள் யாரோ செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல ஒரு சத்தம். நான் நின்ற இடத்திலிருந்தே கேட்டது. கதவருகே நின்ற அம்மாவுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"கேக்குதாப்பா?"

"ஒண்ணும் இல்லை. இங்க சுத்தம்" என்றார், கண்ணைத் திறக்காமலே.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்தாள்.

துளையின் கீழ் விளிம்பில் தண்ணீர் கோடு கோடாக வழிந்து அப்பாவின் பாதத்தைத் தொட்டது. அவர் கண் திறந்து முதலில் காலைப் பார்த்தார். பிறகு சுவரை. பிறகு என்னை. கம்பியைக் காதிலிருந்து எடுக்க மறந்திருந்தார்.

பைப்பை உருவி எடுத்தோம். துளைக்குள் இருந்த பகுதியில், அடிப்பக்கம், மடிப்பும் மடிப்பும் சேரும் இடத்தில் நீளமாகக் கிழிந்திருந்தது. செங்கல் விளிம்பில் வருடக்கணக்காக உரசிய கிழிசல். ஒவ்வொரு சலவைக்கும் சுவர் பாதித் தண்ணீரைக் குடித்து, தளத்தின் வழியாகக் கீழ் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. அப்பா துளைக்குக் கீழே சுவரில் கை வைத்தார். ஊறியிருந்தது. துளைக்கு மேலே கை வைத்தார். காய்ந்திருந்தது. மேலும் கீழுமாக இரண்டு மூன்று முறை தடவிப் பார்த்தார்.

"மேல இருந்து வர்ற தண்ணின்னா மேலயும் ஈரம் இருக்கணும்" என்றார். யாரும் கேட்கவில்லை, அவராகவே சொன்னார். "சுவரைத் தொட்டே பார்க்கலை நான்."

*

பிரிவில் அப்பாவின் பெயர் 'காது'. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் வேறு பெயர். "காது வந்தாச்சா?", "காதைக் கூப்பிடு" என்பார்கள். வீட்டுக்கு வரும் அவருடைய நண்பர்களும் என்னிடம், "காது இருக்கா பாப்பா?" என்று கேட்பார்கள். சின்ன வயதில் நான் என் காதைத் தொட்டுக் காட்டியதாக அம்மா சொல்வாள்.

தெரு அடங்கியிருக்கும் விடியற்காலைதான் அவர்களுக்கு வேலை நேரம். குழாய் போகும் தடத்தில் கம்பியை ஊன்றி ஊன்றி நடந்து, சத்தம் கூர்மையாகும் இடத்தில் அப்பா சுண்ணாம்புக்கட்டியால் பெருக்கல் குறி போடுவார். ஆட்கள் அங்கே தோண்டுவார்கள். பெரும்பாலும் தண்ணீர் இருக்கும். சில சமயம் காய்ந்த மண்தான் இருக்கும். அப்போது, "என்ன காது, கிணறு வெட்டப் போறியா? எங்க வீட்டுக்கும் ஒண்ணு வெட்டேன்" என்று ஆளாளுக்குக் கிண்டல் செய்வார்கள்.

பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. தோண்டிய இடம் காய்ந்திருந்தால், தோண்டிய ஆட்கள் அதை மூட மாட்டார்கள். குறி போட்டவர்தான் மண்வெட்டி பிடித்து மூட வேண்டும். மற்றவர்கள் ஓரமாக உட்கார்ந்து டீ குடித்தபடி வேடிக்கை பார்ப்பார்கள். எந்த உத்தரவிலும் இல்லாத சட்டம் அது. அப்பா அதை ஒருநாளும் தட்டியதில்லை. ஒருமுறை ரொட்டிக் கடையின் வாசலைத் தப்பாகத் தோண்டவைத்துவிட்டார். குழியை மூடி, வாசலைக் கழுவிவிட்டு, கடைக்காரரிடம், "என் தப்புங்க. உங்க வாசல் இல்லை, அடுத்த வாசல்" என்று சொல்லிவிட்டு வந்தார். கடைக்காரர் வைத வசவை வீட்டில் அப்படியே நடித்துக் காட்டினார். அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள்.

"ஏச்சு வாங்கினா ஒரு நாள் வலி. வாங்காம ஓடி வந்தா அந்தத் தெருப் பக்கமே போக முடியாது" என்பார்.

வீட்டில் அந்தக் காதிலிருந்து எதுவும் தப்பாது. சமையலறையில் நான் பிஸ்கட் டப்பாவைத் திறந்தால் கூடத்திலிருந்து, "ரெண்டோட நிறுத்து" என்று குரல் வரும். தேர்வு முடிவைப் பற்றி அம்மாவிடம் நான் கிசுகிசுத்தால், "கணக்குல எத்தனைன்னு கேளு" என்பார். அந்த வீட்டில் ரகசியம் பேச மொட்டை மாடிக்குத்தான் போக வேண்டும்.

காது எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. அதைக் கவனிக்க விடாமல் அம்மா பார்த்துக்கொண்டாள். கொஞ்ச காலமாக அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. யார் எது சொன்னாலும் திருப்பிச் சொல்வாள். "நாளைக்கு வரேன்" என்றால், "நாளைக்கா வர்றீங்க?" என்பாள், சத்தமாக, அப்பா பக்கம் முகத்தைத் திருப்பி. "மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை" என்று யாராவது சொன்னால், "அடடா, மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்பாள். அப்பா அவள் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு சரியான இடத்தில், "என்னாச்சு?" என்பார். அம்மாவுக்கு வயதாகிறது, அதுதான் எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். "உங்க அம்மா ஏன் கிளி மாதிரி ஆயிட்டாங்க?" என்று என் சித்தி கேட்டாள். அம்மா அந்தப் பெயரைத் தன் மேல் போட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தாள்.

மெஷினை நகர்த்திய அன்று, அப்பா குளிக்கப் போன பிறகு, அம்மா சொன்னாள்.

"இடது காது சுத்தமா இல்லை. வலதுல கொஞ்சம். காதுக்கு மிஷின் வச்சுக்கலாம்னேன். மூணு நாள் பேசலை என்கிட்ட."

"எனக்காவது சொல்லியிருக்கலாமேம்மா."

"உனக்குச் சொன்னா உடனே ரெண்டு டாக்டரைப் பிடிச்சிருவே. அவருக்கு அது வியாதி இல்லைடி. மானம்."

*

மேல் வீட்டில் நடந்ததையும் அம்மாதான் சொன்னாள்.

மேல் வீட்டில் ஒரு தையல்காரம்மா இருக்கிறார். கணவர் லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வெளியூர். மாமனார் படுத்த படுக்கை. தினமும் விரிப்பு, போர்வை, அவருடைய துணி எல்லாம் துவைத்தாக வேண்டும். அந்த மெஷினுக்காகவே ஒரு வருடம் கூடுதலாக ரவிக்கை தைத்தார் என்று அம்மா சொன்னாள்.

அப்பா கம்பியோடு மேலே போனார். கண்ணாடிக்கடைக்காரரும் கூடப் போனார். அப்பா சுவரில் கம்பியை ஊன்றிக் காதை வைத்து வெகுநேரம் நின்றார். எதுவும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தனை பேர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இங்கதான்" என்றார்.

சொன்னதோடு விட்டிருக்கலாம். தையல்காரம்மா தன் பைப் நன்றாகத்தானே இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். "பழசாயிருச்சும்மா, உள்ளே எங்கேயோ வழியுது" என்று சொல்லி, அதை உருவித் தூக்கிப் போட்டுவிட்டு, சுவரில் இருந்த துளையைச் சிமெண்ட் குழைத்து அடைத்துவிட்டு வந்தார். கீழே ஈரம் காய்ந்த பிறகு புதுப் பைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். ஈரம் காயவே இல்லை. அந்தம்மா குளியலறையில் குந்தி உட்கார்ந்து கையால் துவைத்துக்கொண்டிருந்தார்.

அப்பா குளித்துவிட்டு வந்தார். எங்கள் மெஷினுக்குப் புதுப் பைப் வாங்கக் கடைக்குக் கிளம்பினார். நான் போகிறேன் என்றேன். வேண்டாம் என்று தானே போனார். திரும்பி வந்ததும் நான் பைப்பைப் பொருத்தினேன். அவர் டார்ச் பிடித்தார். துளையின் விளிம்பில் உரசாமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றினோம்.

"நான் மேல போய் சொல்லணும்" என்றார்.

"நான் வேணா சொல்லட்டுமாப்பா?" சத்தமாகக் கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. சத்தமாகக் கேட்டிருக்கக் கூடாது.

"குறி போட்டவன் நான். நான்தான் போகணும். அடைச்சதை நானே திறந்துட்டு வரேன்."

"இப்பவே போயிருங்களேன்" என்றாள் அம்மா.

"இப்ப அந்தம்மா தையல்ல இருக்கும்."

மறுநாள் நான் ஊருக்குக் கிளம்பும்போது, "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன். மாமனாருக்கு நர்ஸ் வந்திருக்கிறார், கூட்டமாக இருக்கும் என்றார். அதற்கு அடுத்த வாரம் போனில் அம்மாவிடம் கேட்டேன். லாரிக்காரர் வீட்டில் இருக்கிறாராம். அவர் முன்னால் வேண்டாமாம். "அவர் இல்லாதப்போ, 'வீட்ல ஆம்பளை இல்லாதப்ப எப்படிப் போறது'ங்கிறார். இருக்கிறப்போ இப்படி. எனக்கே வெக்கமா இருக்குடி. படியில அந்தம்மாவைப் பார்த்தா நான் பாதியில திரும்பிடறேன்" என்றாள் அம்மா.

கண்ணாடிக்கடைக்காரர் ஒருநாள் வந்து, சொட்டு நின்றுவிட்டது என்று அப்பாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னாராம். "நீங்க சொன்ன மாதிரியே சுவர் காஞ்சிருச்சு சார். உங்க காது காதுதான்." அம்மா வழக்கம்போல அதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று அப்பா சாப்பிடவில்லை.

பிறகு ஒரு காலை, செருப்பு மாட்டுவதற்காக வாசல் அருகே நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை. எங்கே கிளம்பினார் என்று தெரியாது. கடைக்குப் போகவும் செருப்பு மாட்டுவார். மேல் வீட்டுக்குப் போகவும் மாட்டுவார்.

*

வீடு ஆட்களால் நிறைந்தது. பிரிவு நண்பர்கள் வந்தார்கள். "காது போயிருச்சே" என்று ஒருவர் அழுதார். அதைக் கேட்டு அம்மா முகத்தை மூடிக்கொண்டாள்.

வெளியூர் சொந்தங்கள் தங்கினார்கள். படுக்கை விரிப்பு, போர்வை, துண்டு எல்லாம் பால்கனியில் குவிந்தன. மறுநாள் பார்த்தால் குவியலைக் காணவில்லை. மாலையில் தையல்காரம்மா எல்லாவற்றையும் துவைத்து, காயவைத்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துக் கொண்டுவந்து வைத்தார்.

"எதுக்குக்கா இதெல்லாம்? மெஷின்ல போட்டிருப்போமே" என்றேன்.

"துக்க வீட்ல மெஷினை ஓட்டிக்கிட்டிருப்பியா? நான் எப்படியும் தினம் துவைக்கிறவதானே. நாலோட அஞ்சு."

விரல் நுனிகளில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது. சோப்புத் தண்ணீரில் வெடித்த விரல்கள். ஊசி பிடிப்பவரின் விரல்கள். நான் மடித்த விரிப்புகளை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். அவை இன்னும் வெயில் சூட்டோடு இருந்தன.

"சார் சொன்னதும் முதல்ல எனக்கு நம்பிக்கை இல்லை. என் பைப் நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "அப்புறம் அவர்தான் சொன்னார், 'என் பொண்ணு இன்ஜினியர், அவகிட்டயும் கேட்டுட்டேன், அவளும் மேலதான்னு சொல்றா'ன்னு. படிச்ச பொண்ணே சொல்லிருச்சேன்னு விட்டுட்டேன். நீ சொன்னது சரிதான்மா. இப்ப சொட்டு நின்னுருச்சாம்ல."

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் படியேறிப் போனார்.

அம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"நிஜமாவே அப்படிச் சொன்னாராம்மா?"

"சொன்னார். கம்பியில ஒண்ணும் கேக்கலை. அவரால தன்னைத் தானே நம்ப முடியலை. துணைக்கு உன்னைச் சேர்த்துக்கிட்டார்."

பிறகு அம்மாவே சொன்னாள். "நீ சொன்னதாவே இருந்துட்டுப் போகட்டுமே. அவர் போன்ல கேட்டப்போ, பார்க்காம தப்பா சொல்லிட்டேன்னு சொல்லிரு. உனக்கு என்ன குறைஞ்சு போகுது? நீ இன்னும் எத்தனையோ பைப் பார்ப்பே. அவருக்கு இருக்கிறது இந்தப் பேர் ஒண்ணுதான்."

சுலபமான வழி. ஒரே வரிப் பொய். அப்பாவின் காதும் பிழைக்கும், பெயரும் பிழைக்கும். அம்மா வருடக்கணக்காகக் கிளிப் பட்டத்தைச் சுமந்த மாதிரி நானும் இதைச் சுமக்கலாம். சரி என்றே சொல்லியிருப்பேன். அப்போது கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய பையை எடுத்துவிட்டேன்.

அது அப்பாவின் கடைப்பை. உள்ளே ஒரு புதுப் பைப் சுருண்டிருந்தது. இரண்டு கிளிப்புகள். சைக்கிள் டியூபில் வெட்டிய ஒரு துண்டு, எங்கள் துளைக்குச் சுற்றிய அதே அளவில். அதற்குக் கீழே கனமாக எதுவோ தட்டுப்பட்டது. அப்பாவின் உளியும் சுத்தியலும்.

எங்கள் பைப்பை வாங்கப் போன அன்றே இதையும் சேர்த்து வாங்கியிருக்கிறார்.

"அவர் போறதாத்தான்மா இருந்தார்" என்றேன். "நான் சொன்னதா ஆக்கிட்டா, அவர் போய்ச் சொல்ல வேண்டிய விஷயமே இல்லைன்னு ஆயிரும்."

அம்மா பையைத் தொட்டுப் பார்த்தாள். உளியை எடுத்து எடை பார்ப்பதுபோலக் கையில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிப் போட்டாள்.

"அந்தம்மா ஏசுவாங்க" என்றாள்.

"ஏசட்டும்."

*

மேல் வீட்டில் கதவு திறந்தே இருந்தது. தையல்காரம்மா கழுத்தில் டேப்போடு தையல் மெஷினில் இருந்தார். உள்ளறையிலிருந்து மாமனார், "யாரும்மா?" என்றார்.

"கீழ் வீட்டுப் பொண்ணு மாமா."

"மறுபடியும் ஒழுகுதாமா?"

"பேசாம படுங்க மாமா." என்னிடம் திரும்பி, "உட்காரு" என்றார். நான் உட்காரவில்லை.

"அக்கா, உங்க பைப்ல ஒரு தப்பும் இல்லை. ஒழுகினது எங்களோடது. சுவருக்குள்ளே கிழிஞ்சிருந்தது. நான் முன்னாடி வந்தப்போ பார்த்து மாத்திட்டோம். அதான் சொட்டு நின்னுச்சு."

தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"சாருக்கும் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"நீதான் மேலன்னு சொன்னதா..."

"நான் சொல்லலைக்கா. எனக்கு அப்போ இந்த விஷயமே தெரியாது. அப்பாவுக்குக் காது கேக்கலை. கம்பியில ஒண்ணும் கேக்கலை. அதைச் சொல்ல வெக்கம்."

சொல்லிவிட்டேன். அப்பா வாழ்நாளெல்லாம் சேர்த்தது இரண்டு வாக்கியத்தில் கீழே விழுந்தது போலிருந்தது. கீழே அம்மா உட்கார்ந்திருப்பாள் என்ற நினைப்பு உள்ளே அறுத்தது.

தையல்காரம்மா பிளாஸ்திரி சுற்றிய விரலால் மேசையில் கிடந்த நூல்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"அதுக்கப்புறம் படியில ஒருநாள் என்னைப் பார்த்தார்" என்றார். "ஈரத்துணி வாளியோட மொட்டை மாடிக்கு ஏறிட்டிருந்தேன். வாளியைப் பிடுங்காத குறையா வாங்கி மேல கொண்டுவந்து வச்சார். 'கனமா இருக்கேம்மா'ன்னார். கொடியில நாலு துணியைக்கூடப் போட்டார். இப்படியும் ஒரு மனுஷனான்னு நெனச்சு நெகிழ்ந்துபோய் நின்னேன். அவ்வளவு தூரம் கூட நடந்த மனுஷன், வாயைத் திறந்து இதைச் சொல்லலையே."

"சொல்லலைக்கா."

"செத்தவரைப் பத்திப் பேசக் கூடாதும்பாங்க. எனக்குக் கோபம் வருது. என்ன பண்ண?"

"வரட்டும்க்கா. அவருக்கு வர வேண்டியதுதான்."

உள்ளேயிருந்து மாமனார், "அப்போ நம்ம மெஷின் ஓடுமா?" என்றார்.

தையல்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பார்த்தியா, அவர் கவலை அவருக்கு." எழுந்தார். "வந்த வேலையைப் பாரு."

மெஷினை இருவரும் சேர்ந்து நகர்த்தினோம். பின்னால் சுவரில் அப்பா அடைத்த இடம் சமமாக, வழவழப்பாக இருந்தது. உளியை வைத்து அடித்தேன். தெறித்ததே தவிர, பெயரவில்லை.

"தப்பைக்கூட ஒழுங்காத்தான் செஞ்சிருக்கார்" என்றார் தையல்காரம்மா. குரலில் சூடு குறையவில்லை.

நெடுநேரம் தட்டினேன். கடைசியில் துண்டு துண்டாக விழுந்து, டக்டின் வெளிச்சம் துளை வழியாக வந்தது. டியூப் துண்டைச் சுற்றினேன். பைப்பின் ஒரு முனையை மெஷினின் முதுகில் மாட்டிக் கிளிப்பை முடுக்கினேன். மறுமுனையைத் துளையை நோக்கி இழுத்தேன். எட்டவில்லை.

மெஷினைத் தள்ளிவைத்துப் பார்த்தேன். அப்போதும் எட்டவில்லை. இந்த வீட்டில் மெஷின் துளையிலிருந்து விலகி, அடுத்த மூலையில் இருந்தது. அப்பா எங்கள் வீட்டு அளவுக்கே வாங்கியிருக்கிறார்.

"அளவெடுக்காமலா வாங்கினார்?" என்றார் தையல்காரம்மா. பிறகு அவரே, "அளவெடுக்க வந்திருந்தா அன்னைக்கே சொல்லியாகணும்ல" என்றார்.

கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். மெஷினின் முதுகிலிருந்து மூலை வரை, மூலையிலிருந்து துளை வரை, சுவரோரமாக வைத்து இரண்டு முறை அளந்தார்.

"அரைக்கைச் சட்டைக் கை நீளம் குறையுது. வளையற இடத்துக்கும் சேர்த்து வாங்கு. தையலுக்கு விடுவோம்ல, அந்த மாதிரி." என் முகத்தைப் பார்க்காமல், "கடை மூடறதுக்குள்ள போ" என்றார்.

பைப்பைக் கழற்றிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அம்மா எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதா?"

"இல்லைம்மா. பைப் நீளம் பத்தலை. கடைக்குப் போய் மாத்திட்டு வரேன்."

"பைப் பத்தலையா?" என்றாள் அம்மா, சத்தமாக, வீட்டுக்குள் முகத்தைத் திருப்பி. "கடைக்கா போறே?"

நாற்காலி காலியாக இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மெதுவாக, "போயிட்டு வா" என்றாள்.